பால் மரமும் ஸ்பானிய பாஷையும்

மலாக்கா நாட்டுத் தோட்டங்களிற் பிறந்து வளர்ந்த தமிழர்க்குப் பால் மரத்தின் சரித்திரத்தைச் சொல்லவும் வேண்டுமோ என்று சிலர் கேட்கலாம். விடியுமுன் எழுந்து, கத்தியும் வாளியும் ஏந்தி, மங்கு மங்காகப் பால் சேர்த்தவர்களின் மக்கள் நாம். எனினும், அம்மரம் எந்நாட்டது, அங்கே அதன் பாலை எடுத்தவர் யாவர், அவர்தம் கதையை எந்தப் பாஷை எழுதி வைத்தது என நம்மில் எத்தனை பேர் வினவினோம்?

பால் மரத்தின் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான் காடு. 1876இல் விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனை அடுத்த கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். மறு ஆண்டு கியூவிலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1896இல் மலாக்காச் சீனரான டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் கண்டார். இவ்வாறு பெருகிய தோட்டங்களுக்கே நம் முன்னோர் பலர் கப்பலேறி வந்தனர்.

இது மரம் இங்கு வந்த கதை. மரம் பிறந்த காட்டில் நடந்தது யாது?

பெருவும் கொலம்பியாவும் உரிமை கொண்டாடிய புட்டுமாயோ ஆற்றுப் பகுதியில், அரானா என்பவரின் கம்பெனி உயிட்டோட்டோ, போரா முதலிய பழங்குடியினரைக் காட்டு ரப்பர் கொணரப் பணித்தது. எடை குறைந்தால் சவுக்கடி, ஓடினால் சாவு. 1907இல் இக்கிட்டோஸ் நகரத்துப் பத்திரிகாசிரியர் பெஞ்சமின் சல்தாஞா ரொக்கா இக்கொடுமைகளைத் தம் சிறு பத்திரிகைகளில் அஞ்சாது அச்சிட்டார். அவற்றின் பாஷை ஸ்பானியம். லண்டன் பத்திரிகை பேசத் தொடங்கியது 1909இல். ஆங்கில அரசாங்கம் ரோஜர் கேஸ்மெண்டை விசாரணைக்கு அனுப்பியது 1910இல். அவர் அறிக்கை அச்சேறியது 1912இல். காட்டினருகே இருந்தவன் கண்டதை அவன் பாஷையிற் கற்றவனே முதலில் அறிந்தான்.

அதே 1910ஆம் ஆண்டிலேதான் மலாயாவுக்குத் தமிழரை ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பும் முறை நிறுத்தப்பட்டது. கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது 1938 வரை நீடித்தது. புட்டுமாயோவின் கொலைக்களத்தையும் நம் லயங்களையும் ஒரே தராசில் நிறுத்தல் நேர்மையாகாது. ஆயினும் முன்பணம் என்னும் கயிறு ஈரிடத்தும் ஏழையின் காலைக் கட்டியது உண்மை. கொலம்பிய எழுத்தாளர் ஹோசே யூஸ்டாசியோ ரிவேரா, கடன் தீராது காட்டில் அகப்பட்ட ரப்பர்த் தொழிலாளரின் துயரை ‘லா வொராஹினே’ என்னும் நாவலில் 1924இல் எழுதினார். நீர்ச்சுழி என்பது அப்பெயரின் பொருள். நம் தோட்ட வாழ்வை ‘பால்மரக் காட்டினிலே’ என அகிலன் எழுதினார். ஒரே பாலைச் சுரந்த மரங்களடியில் பிறந்த இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்து மூலத்திற் கற்கும் தமிழ் மாணாக்கர் வேண்டாமா?

கோலாலம்பூர் மலாயா சர்வகலாசாலையின் மொழிகள், மொழியியல் பகுதியில் ஸ்பானிய பாஷைக்குப் பட்டப் படிப்பு உண்டு, தமிழுக்கும் உண்டு. தோட்டத்துப் பிள்ளையொருத்தி ஸ்பானியம் கற்க விரும்பினால், “அது சோறு போடுமா?” என்று பெற்றோர் கேட்பர். பசியறிந்தவர் கேட்கும் கேள்வி. அதை இகழ வேண்டுவதில்லை. சுமார் 20 நாடுகளின் அரசாங்க மொழியைக் கற்றவளுக்கு வாணிபத்திலும் தூதரகங்களிலும் மொழிபெயர்ப்பிலும் வேலை தேட வழியுண்டு என்று விடை கூறலாம்.

ஆனால் அதனினும் பெரிய விடை ஒன்றுண்டு. இன்று மலாக்காவில் பல தோட்டங்களிற் பால் மரம் போய்ச் செம்பனை நிற்கிறது. மரத்தோடு அதன் நினைவும் போய்விடலாகாது. உழைத்தவன் கதையை முதலாளியின் கணக்கேட்டில் மட்டும் படித்தால் பவுண்டும் டாலருமே தெரியும், உழைத்தவன் தெரியான். நம்மைப் போலவே பால் எடுத்து வாழ்ந்த மற்றொரு கூட்டத்தாரின் கதை ஸ்பானிய ஏடுகளில் இருக்கிறது. நம் பிள்ளைகள் அதைக் கற்றுத் தமிழில் நமக்குச் சொல்லட்டும். நம் கதையையும் அவர்களுக்குச் சொல்லட்டும்.