பழுதறி பதிவேடும் அதன் உடைமையும்: கல்முனைக் கரையிலிருந்து ஒரு நோக்கு

எழுத்தின் வரலாற்றை ஆராய்வோர் சாசனங்களையும் ஏடுகளையும் இலக்கியங்களையுமே பெரிதும் கருத்திற் கொள்வர். எவரும் ஆசிரியராக நின்று எழுதாத எழுத்தொன்று நமது காலத்தில் மலையெனக் குவிந்து வருவதை அவ்வாராய்ச்சிகள் பொருட்படுத்துவதில்லை. கணினியும், இணைய உலாவியும், உலாவியோடு பொருத்தப்படும் 'நீட்சி' எனும் சிறு நிரல்களும், தாம் செய்தவற்றைத் தாமே நேரங்குறித்து எழுதி வைக்கும் பதிவேடுகளையே ஈண்டு குறிப்பிடுகின்றோம். ஆங்கில வழக்கில் இது 'லொக்' எனப்படும். நீட்சி பழுதுற்றவிடத்து அதனைப் பயன்படுத்துபவரிடமிருந்து இப்பதிவேட்டைக் கேட்டுப் பெறுவது தொழினுட்ப உதவி வழங்குவோரின் வழக்கம். இவ்வழக்கம் எவ்வாறு உருவாயிற்று, அப்பதிவேடு யாருடைய உடைமை, அதனை முதலில் வாசித்தற்குரியவர் யார் என்பன வெறும் தொழினுட்ப வினாக்கள் அல்ல.

இவ்வினாக்கள் எம்மிடம் எழுந்தமைக்கு மருதமுனையைச் சேர்ந்த ஆசிரியை ஒருவரே காரணமாவார். தமிழில் தட்டெழுதுவதற்கென அவர் தமது உலாவியிற் சேர்த்திருந்த நீட்சியொன்று, தவணைப் பரீட்சை வினாத்தாள் தயாரிக்கும் வேளையில் இயங்க மறுத்தது. உதவி கேட்டு எழுதினார். பதிவேட்டுக் கோப்பை அனுப்புமாறு மறுமொழி வந்தது. அனுப்புவதற்கு முன், அதில் என்ன இருக்கிறது என்று எம்மிடம் கேட்டார். அவரோடு அமர்ந்து அக்கோப்பைத் திறந்து பார்த்தோம். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள். நீட்சி தான் விழித்தெழுந்த ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும் குறித்து வைத்திருந்தது. பாடசாலை அலுவல், வங்கி, உறவினர் ஒருவரின் நோய் பற்றிய தேடல், இரவு ஒன்றரை மணிக்குப் படித்த செய்தி யாவும் வரிசையாக நின்றன. "இதில் தமிழ் ஒன்றுமில்லையே" என்று அவர் ஆறுதலடைந்தார். அந்த ஆறுதல் பொய்யானது.

இணைய முகவரியொன்றில் இடம்பெறும் தமிழ்ச் சொல் பதிவேட்டில் தமிழாகத் தோன்றுவதில்லை. இன்று பெருவழக்கிலுள்ள ஒருங்குறி முறையில் தமிழ்க் குறியொவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. முகவரியில் அவ்வொவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எண்ணெழுத்துக் குறிகளுமாக விரிகிறது. 'கல்முனை' என்னும் சொல்லுக்குப் புள்ளியும் உயிர்க்குறிகளும் உட்பட ஏழு குறிகள் உள. ஆகவே அது பதிவேட்டில் 63 குறிகள் கொண்ட நெடுஞ்சரமாகிறது. எழுதியவருக்கே அது விளங்காது. ஆயினும் அதனை மீளத் தமிழாக்குதல் கணினிக்கு ஒரு கணப்பொழுதின் வேலை. தன் சொல்லைத் தானே அடையாளங்காண முடியாதவாறு எழுதுபவருக்கு மறைத்து, பெறுபவருக்கு மட்டும் திறந்து காட்டும் எழுத்து இது. ஆங்கிலத்தில் தேடுபவர் தமது பதிவேட்டை ஒருமுறை கண்ணோட்டமிட்டாலே எதை நீக்கவேண்டும் என்று அறிந்துகொள்வார். தமிழில் தேடுபவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. மொழிச் சமத்துவம் பற்றி மேடைகளிற் பேசுவோர் இத்தகைய சிறு இடங்களையும் நோக்குதல் நன்று.

பதிவேட்டின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். 'லொக்' என்பது மரக்கட்டை. ஐரோப்பிய மாலுமிகள் கயிறு கட்டிய கட்டையைக் கடலில் எறிந்து, ஓடிய கயிற்றின் நீளத்தைக் கொண்டு கப்பலின் வேகத்தை அளந்தனர். அவ்வளவைக் குறித்த புத்தகமும் அப்பெயரையே பெற்றது. கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்கள் பயணம் முடிந்து திரும்பியதும் இக்குறிப்பேடுகளை இலண்டனிலிருந்த தலைமையகத்திடம் ஒப்படைத்தன. அவற்றுட் பல இன்றும் பிரித்தானிய நூலகத்திற் பேணப்படுகின்றன. காற்றையும் நீரோட்டத்தையும் ஆபத்தையும் அனுபவித்தவர்கள் கடலில் இருந்தவர்கள். அவ்வனுபவத்தின் பதிவோ வர்த்தக மூலதனத்தின் சொத்தாயிற்று. அடுத்த கப்பல் பாதுகாப்பாகச் செல்வதற்கு அது பயன்பட்டது என்பதும் உண்மை. பதிவேட்டின் இவ்விரட்டைத் தன்மை அதன் பிறப்பிலேயே உள்ளது.

கணினியின் தொடக்க காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. 1947 செப்டெம்பர் 9ஆம் நாள் ஹாவட் பல்கலைக்கழகத்தின் மார்க் இரண்டு இயந்திரத்தில் ஏற்பட்ட பழுதைத் தேடியவர்கள், அதன் மின்தொடுப்பி ஒன்றில் அந்துப்பூச்சி சிக்கியிருக்கக் கண்டு, அப்பூச்சியையே பதிவேட்டில் ஒட்டி வைத்தனர். அப்பதிவேடு வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நூதனசாலையில் உள்ளது. கணினிப் பழுதுக்குப் 'பூச்சி' என்னும் ஆங்கிலப் பெயர் வந்தது இதனாலேயே என்று பலர் எழுதுவர். அது தவறு. பொறியியலாளரிடையே அச்சொல் முந்திய நூற்றாண்டிலேயே வழங்கிற்று. நமக்கு முக்கியமானது வேறொன்று. இயந்திரத்தை இயக்கியவர், பதிவை எழுதியவர், அதை வாசித்துப் பழுது நீக்கியவர் ஆகியோர் ஒரே அறையில் இருந்த ஒரே குழுவினர்.

இந்த ஒருமை படிப்படியாகக் குலைந்தது. 1980களில் பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஓல்மன் மின்னஞ்சல் நிரலொன்றன் பொருட்டு 'சிஸ்லொக்' எனும் முறையை அமைத்தார். பதிவை எழுதும் வேலை மனிதரிடமிருந்து நிரலுக்குச் சென்றமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. எனினும் பதிவு இயந்திரம் இருந்த நிறுவனத்திலேயே தங்கிற்று. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, நிரல் செயலிழந்ததும் அறிக்கையைத் தயாரிப்பாளருக்கு 'அனுப்பு', 'அனுப்பாதே' என இரு பொத்தான்களைக் காட்டியது. பதிவேடு எல்லை கடந்தது. எழுதுவது நிரல், அனுபவிப்பது ஒருவர், வாசிப்பது கண்காணா இன்னொருவர் என்னும் நிலை உறுதிப்பட்டது. ஹரி பிறேவர்மன் 1974இல் வெளியிட்ட நூலில், முதலாளித்துவ உற்பத்தியில் சிந்தனை செயலிலிருந்து பிரிக்கப்பட்டு முகாமையிடம் குவிவதை விரிவாக ஆராய்ந்தார். தொழிற்சாலையில் அவர் கண்ட அப்பிரிவினை, இங்கு தொழிற்சாலைக்கு வெளியே, கூலியும் பெறாத ஒருவரின் வீட்டு மேசையில் நிகழ்கிறது.

இதனை மருதமுனையிலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம். கைத்தறி நெசவுக்குப் பேர்போன ஊர் அது. பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியின் ஓசையிலேயே அதனை உணர்வார். விரலால் தேடி முடிந்துவிடுவார். நூலுக்கும் சந்தைக்கும் அவர் பிறரில் தங்கியிருந்தார் என்பதை மறந்து அவ்வாழ்வைப் பொற்காலமாக்குவது எமது நோக்கமன்று. ஆனால் பழுதறியும் அறிவு அவருடைய கையில் இருந்தது. அதே ஊரின் ஆசிரியைக்குத் தம் கருவி ஏன் நின்றது என்பதை அறிய வழியில்லை. அறிவதற்கான ஆவணம் அவருடைய செய்கைகளாலேயே எழுதப்பட்டிருந்தும், அதனைப் பிறரிடம் கையளித்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

உலாவி நீட்சிகளின் நிலை ஏனைய நிரல்களிலும் பார்க்கக் கூர்மையானது. பயர்பொக்ஸ் 2004இல் வெளியாகி நீட்சிகளைப் பரவலாக்கிற்று. குரோம் 2010இல் அவற்றை ஏற்றது. தமிழுக்கு அவை செய்த சேவை பெரிது. பழைய எழுத்துருக்களில் அமைந்த இணையப் பக்கங்களை ஒருங்குறியாக மாற்றிக் காட்டிய 'பத்மா' போன்ற நீட்சிகள் இல்லையேல், ஒரு காலத்துத் தமிழ்ப் பக்கங்கள் பலருக்கு வெறும் கிறுக்கல்களாகவே தோன்றியிருக்கும். ஆனால் இத்தகைய வேலைக்கு நீட்சி எல்லாப் பக்கங்களையும் வாசிக்க வேண்டும். எல்லாவற்றையும் வாசிப்பது எல்லாவற்றையும் குறித்து வைக்கவும் வல்லது. 2019 ஜூலையில் சாம் ஜடாலி எனும் ஆய்வாளர், எட்டு நீட்சிகள் ஏறத்தாழ நாற்பது இலட்சம் பேரின் உலாவல் விபரங்களைத் திரட்டி விற்பனைக்கு வழிசெய்தமையை வெளிப்படுத்தினார். பழுது பார்க்க உதவும் பதிவும் சந்தைக்குச் செல்லும் பண்டமும் ஒரே மூலப்பொருளிலிருந்தே ஆக்கப்படுகின்றன.

நேர்மையாகக் கேட்டு, நேர்மையாகக் கொடுத்தாலும் இடர் நீங்குவதில்லை. 2023 செப்டெம்பர் பிற்பகுதியிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரை, கணக்குகளுக்குள் நுழைவோரை அடையாளங்காணும் சேவை வழங்கும் அமெரிக்க நிறுவனமான ஒக்டாவின் உதவிப் பிரிவுக்குள் ஊடுருவியோர், வாடிக்கையாளர் பழுதறிதலுக்கென ஒப்படைத்திருந்த உலாவிப் பதிவுக் கோப்புகளை எடுத்தனர். 134 வாடிக்கையாளரின் கோப்புகள் அகப்பட்டன. உலாவிக்கும் தளத்துக்கும் இடையிலான போக்குவரத்தை முழுமையாகப் பதியும் அக்கோப்புகளில், கடவுச்சொல் இன்றியே கணக்கினுள் நுழைய உதவும் அடையாளச் சரங்களும் இருந்தன. அவற்றைக் கொண்டு ஐந்து வாடிக்கையாளரின் கணக்குகளுக்குள் நுழைய முடிந்தது. இதன் பின்னர், 2024இல், குரோம் உலாவி இத்தகைய கோப்பைச் சேமிக்கையில் அச்சரங்களை இயல்பாகவே நீக்கும் ஏற்பாட்டைச் செய்தது. முகவரிகளை அது நீக்குவதில்லை.

இனி, இக்கரையின் வரலாற்று அனுபவத்துக்கு வருவோம். விபரம் கொடுப்பது என்பது கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையான ஊர்களுக்குப் புதிதன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் கொண்ட உயிர்கள் இலங்கையின் மாவட்டங்களுள் அம்பாறையிலேயே அதிகம். அதன் பின் வந்த மாதங்களில் படிவங்கள் நிரப்பாத குடும்பமில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே கேட்டது. கொடுத்த விபரம் எங்கே போயிற்று என்பதைக் கொடுத்தவர் அறியார். அதே அனர்த்தத்தின்போது இலங்கை மென்பொருளாளர்கள் தொண்டாக உருவாக்கிய 'சஹானா' எனும் திறந்த நிரல், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவதற்குப் பயன்பட்டுப் பின்னர் வேறு நாடுகளுக்கும் சென்றது. திரட்டுதலே தீதன்று என்பதற்கு இது சான்று. நிரலின் உள்ளமைப்பு எவரும் பார்க்கத்தக்கதாக இருந்தது.

2019க்குப் பின் பதிவேடு என்னும் சொல் இங்கு வேறொரு பொருளையும் ஏற்றது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலும், ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் நிகழ்ந்த குண்டுவெடிப்பும், அவற்றைத் தொடர்ந்த சோதனைகளும் வீட்டிலிருந்த அரபெழுத்துப் பிரதிகளையே அச்சத்தோடு நோக்கும் நிலையை உண்டாக்கின. 2020 மே மாதத்தில் மன்னாரைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதுசெய்யப்பட்டார். அவரது 'நவரசம்' எனும் தமிழ்க் கவிதைத் தொகுதியே அவருக்கெதிரான சான்றாகக் கொள்ளப்பட்டது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. கவிதைக்காவது ஆசிரியர் உண்டு, முன்னுரை உண்டு, 'நான் கருதியது இது' என்று சொல்ல வாயுண்டு. இரவு ஒன்றரை மணிக்கு ஒரு செய்தித் தளத்தைத் திறந்ததாக மட்டும் கூறும் ஒற்றை வரிக்குச் சூழமைவு இல்லை. அதனை வாசிப்பவர் தம் மனத்திலுள்ள சூழமைவையே அதன்மீது ஏற்றுவார். பிரதியைச் சூழலிலிருந்து பிரித்தெடுத்து வாசிப்பதன் கேட்டை இலக்கிய மாணவருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. நாமும் குற்றமற்றவர்களல்லர். கிழக்கின் நாட்டார் பாடல்களைத் திரட்டியோர் பலர் பாடியவரின் பெயரைக் குறிக்காமலேயே தொகுதிகளை வெளியிட்டிருக்கிறோம்.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு நோக்கத்துக்கெனத் திரட்டிய தரவு அந்நோக்கத்துக்கு வேண்டிய அளவினதாகவே இருத்தல் வேண்டும் எனும் கொள்கையை ஏற்றுள்ளது. அதன் பிரதான பகுதிகளை நடைமுறைக்குக் கொண்டுவருவது பிற்போடப்பட்டமையும் நாமறிந்ததே. சட்டத்தைக் காத்திராது செய்யத்தக்கனவும் உள.

பழுதறிவதற்கு முழுப் பதிவேடு பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. உலாவியில் வேறெந்த நீட்சியும் கணக்கும் இல்லாத புதிய பயனர் விபரக்கோப்பு ஒன்றை உருவாக்கி, பழுதுற்ற நீட்சியை மட்டும் அதிற் சேர்த்து, பழுது தோன்றும் பக்கத்தை மட்டும் திறந்து, பழுதை மீண்டும் நிகழச் செய்து, அதன் பின் பதிவை எடுத்தால், அதில் பழுதன்றி வேறொன்றும் இராது. பக்கத்தின் பதிவு வேறு, நீட்சி பின்னணியில் எழுதும் பதிவு வேறு என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். நீட்சிகளை நிருவகிக்கும் பக்கத்தில் இரண்டாவதைத் தனியே திறக்கலாம். உதவி கேட்பவரிடம் இவற்றைத் தமிழிற் சொல்ல வேண்டியது நீட்சியை ஆக்கியோரின் கடமை. எமது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் கலைச்சொற் பட்டியல்களோடு நின்றுவிடாது இத்தகைய கைந்நூல்களையும் ஆக்கலாம். விழுக்காட்டுச் சரங்களை அனுப்புமுன் தமிழாக்கிக் காட்டும் ஏற்பாடொன்றைப் பதிவேட்டிலேயே சேர்ப்பதும் நிரலாளருக்குக் கடினமன்று.

ஆசிரியை அவ்வாறே செய்தார். புதிய விபரக்கோப்பில் எடுத்த பதிவில் இருபத்தெட்டு வரிகளே இருந்தன. அவற்றைத் தாமே ஒவ்வொன்றாக வாசித்து, விளங்காதவற்றை எம்மிடம் கேட்டு, பிழையைச் சுட்டிய மூன்று வரிகளை மட்டும் அனுப்பினார். வினாத்தாள் தயாரிக்கும் தளம் தனது எழுதும் பெட்டியைப் பக்கத்தினுள் இன்னொரு சட்டகத்துக்குள் மாற்றியிருந்ததாகவும், நீட்சிக்கு அச்சட்டகத்தினுள் நுழைய அனுமதி இல்லாதிருந்ததாகவும் நான்கு நாட்களின் பின் மறுமொழி வந்தது. அதற்குள் வினாத்தாளை அவர் கையால் எழுதி முடித்திருந்தார்.