கம்பனிக் கொடையும் ஏழைப் பாடசாலையும்

வறிய பிள்ளைகள் கற்கும் பாடசாலைகளுக்கு நல்லாசிரியர்களைத் தேடித் தருவது யாருடைய கடமை? அரசாங்கத்தின் கடமை என்றே நாம் நெடுங்காலமாக எண்ணி வந்துள்ளோம். முதலாளித்துவத்தின் தலைவாயிலாகிய அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணப்பட்டது என்றால் இன்று சிலர் வியப்படையக்கூடும். 1963ஆம் ஆண்டில், வெளிநாடுகளில் தொண்டாற்றித் திரும்பிய இளைஞர்களை வாஷிங்டன் நகரின் கார்டோசோ உயர்நிலைப் பாடசாலையில் ஆசிரியர்களாகப் பயிற்றும் முயற்சியொன்று தொடங்கிற்று. செனற்றர்களான கேலோர்ட் நெல்சனும் எட்வேர்ட் கென்னடியும் முன்னின்று உழைத்ததன் பயனாக, 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் தேசிய ஆசிரியர் படையொன்றைத் தோற்றுவித்தது. பொதுப் பணத்தில் நடந்த அத்திட்டத்துக்கு 1981ஆம் ஆண்டில் ஜனாதிபதி றேகனின் ஆட்சி முடிவு கட்டியது.

வெற்றிடம் அப்படியே இருந்தது. 1989ஆம் ஆண்டில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவியான வென்டி கொப், தம் பட்டப்படிப்பின் இறுதி ஆய்வுக் கட்டுரையில் மீண்டும் ஒரு தேசிய ஆசிரியர் படை வேண்டுமென வாதிட்டார். இதனை அரசாங்கமே நிறுவ வேண்டுமெனக் கோரி முதலில் அவர் கடிதம் எழுதியது ஜனாதிபதி புஷ்ஷுக்குத்தான். வந்த பதில், உத்தியோகம் கேட்டு விண்ணப்பித்தவருக்கு 'இடமில்லை' என்று அனுப்பப்படும் வழக்கமான கடிதமாக இருந்தது! கேட்க வேண்டிய இடத்தில் கேட்டும் கதவு திறவாதபடியால் அவர் கம்பனித் தலைவர்களுக்கு எழுதினார். மொபில் எண்ணெய்க் கம்பனி 26,000 டொலர் வழங்கியது. யூனியன் கார்பைட் கம்பனி நியூயோர்க்கில் அலுவலக இடம் ஈந்தது. பின்னர் கோடீசுவரர் றொஸ் பெரோ ஐந்து இலட்சம் டொலர் தர முன்வந்தார். ஏனையோரிடமும் பணம் திரட்டிக் காட்ட வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை.

யூனியன் கார்பைட் என்ற பெயரைக் கண்டதும் நம் நெஞ்சு போபாலுக்குச் செல்வதைத் தடுக்க முடியவில்லை. 1984ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நகரின் குடிசைகளில் உறங்கியிருந்த ஆயிரக்கணக்கான ஏழைகளை நச்சுவாயுவால் மாய்த்தது அக்கம்பனிக் குழுமத்தின் தொழிற்சாலையே. அவ்வழக்கு 47 கோடி டொலருக்குத் தீர்க்கப்பட்டதும் 1989ஆம் ஆண்டிலேதான். அலுவலக இடம் தந்தமைக்கும் இதற்கும் தொடர்புண்டு என்று நாம் சொல்லவில்லை. ஒரு கரம் செய்ததை மறு கரத்தின் கொடை மறக்கச் செய்துவிடலாகாது என்பதற்காகவே நினைவூட்டுகிறோம்.

'அமெரிக்காவுக்காகக் கற்பியுங்கள்' என்று பெயர் பெற்ற அவ்வியக்கத்துக்கு 1990ஆம் ஆண்டில் 2,500 பட்டதாரிகள் விண்ணப்பித்தனர். ஏறத்தாழ ஐந்நூறு பேர் தெரிவாயினர். ஒரு கோடைகாலப் பயிற்சி முடிந்ததும் நியூயோர்க், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரங்களுக்கும் வட கரோலினா, ஜோர்ஜியா, லூசியானா மாநிலங்களுக்கும் அவர்கள் இரண்டாண்டுப் பணிக்கு அனுப்பப்பட்டனர். அவ்விளைஞர்களின் ஆர்வத்தை ஐயுறுதல் அநீதி. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆட்களைத் தேடவும் தெரிவு செய்யவும் பயிற்றவுமே கம்பனிப் பணம் பயன்பட்டது. அவர்களின் சம்பளத்தைத் தொடக்கத்திலிருந்தே பொதுப் பணத்திலிருந்து கல்வி மாவட்டங்கள்தாம் கொடுத்தன. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அமெரிக்கோர் என்னும் அரசாங்கத் தொண்டுத் திட்டமும் பின்னர் துணை செய்தது. ஆக, பெருஞ்செலவு மக்களுடையது, பெயர்ப்பலகை கொடையாளருடையது.

காலப்போக்கில் ஜே.பி. மோர்கன், கூகிள் போன்ற பெரு நிறுவனங்கள், தாம் வேலைக்குத் தெரிந்தெடுத்த பட்டதாரிகள் இரண்டாண்டு கற்பித்துவிட்டு வரலாமென இடங்களை ஒதுக்கி வைத்தன. ஏழைப் பிள்ளையின் வகுப்பறை ஒருவருக்கு வாழ்க்கைப் பணியாகவும் இன்னொருவருக்குப் பயணத்தின் இடைத்தங்கலாகவும் ஆயிற்று.

பிள்ளைகள் பயன் பெற்றனரா? கல்வியியல் அறிஞர் லிண்டா டார்லிங் ஹமண்ட் 1994ஆம் ஆண்டிலேயே இத்திட்டத்தைக் கடுமையாகச் சாடினார். 2004ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வோ, இவர்களிடம் கற்ற பிள்ளைகள் கணிதத்தில் சற்று முன்னேறினர், வாசிப்பில் வேறுபாடில்லை என்று கண்டது. ஆனால் யாருடன் ஒப்பிட்டு? அதே பாடசாலைகளின் ஏனைய ஆசிரியர்களுடன். அவர்களிலும் பலர் முழுத் தகைமை பெறாதவர்கள். வறியோர் பாடசாலையின் உண்மை நிலையை இவ்வொப்பீடே காட்டிவிடுகிறது.

இவ்வரலாற்றின் கசப்பான அத்தியாயம் நியூ ஓர்லீன்ஸ் நகரில் எழுதப்பட்டது. 2005ஆம் ஆண்டின் கத்ரீனா சூறாவளிக்குப் பின், அந்நகரின் பாடசாலைகளில் பணியாற்றிய 7,000க்கு மேற்பட்டோர் ஒருங்கே வேலை நீக்கப்பட்டனர். அவர்களுள் ஆசிரியராயிருந்தோரிற் பெரும்பாலார் கறுப்பினத்தவர். பல்லாண்டு அனுபவம் வாய்ந்தோரும் பலர். பாடசாலைகள் ஒவ்வொன்றாகத் தனியார் நிர்வாகச் சபைகளின் கைக்கு மாறின. அங்கு இவ்வியக்கத்தின் இளைஞர் தொகை பன்மடங்காகப் பெருகிற்று. இத்தகைய தனியார் நிர்வாகப் பாடசாலைகளை ஆதரிக்கும் வால்மார்ட் வணிகக் குடும்பத்தின் நிதியம் 2011ஆம் ஆண்டில் இவ்வியக்கத்துக்கு ஏறத்தாழ ஐந்து கோடி டொலர் அறிவித்தது. ஆசிரியர் தட்டுப்பாட்டை நீக்கப் பிறந்த இயக்கம், ஆசிரியர்கள் வெளியேற்றப்பட்ட இடத்திலே தழைத்தது.

நீக்கப்பட்டோர் நீதிமன்றம் சென்றனர். கீழ் நீதிமன்றம் 2012ஆம் ஆண்டில் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. லூசியானா மாநில உயர் நீதிமன்றம் 2014ஆம் ஆண்டில் அதனை மாற்றி வழக்கைத் தள்ளிற்று. மறு ஆண்டில் நாட்டின் அதியுயர் நீதிமன்றமும் அதனை விசாரிக்க மறுத்துவிட்டது.