விருந்தினராக வந்த வகுப்புத் தோழர்

1947-இல் ஐரோப்பா, மேற்காசியா உள்ளிட்ட பகுதிகளைச் சேர்ந்த 52 மாணவர்கள், அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஓராண்டு படிக்க வந்தனர். அவர்களை வரவழைத்தது கல்வித்துறை அன்று, ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள். முதல் உலகப் போரில், 1915-இல், பிரான்சில் காயம்பட்ட வீரர்களைச் சுமந்து செல்லத் தோன்றிய அமெரிக்கன் ஃபீல்ட் சர்வீஸ் என்ற தொண்டர் படை, இரண்டாம் போர் முடிந்ததும் ஸ்டீபன் கலாட்டியின் தலைமையில் மாணவர் பரிமாற்றத்தைக் கையில் எடுத்தது. ஒரே வீட்டில் உண்டு உறங்கிப் பழகிய பிள்ளைகள் நாளை ஒருவரையொருவர் சுட மாட்டார்கள் என்பது அவர்களின் கணக்கு. 1951-இல் 75 ஜெர்மானியப் பதின்பருவத்தினரை மிச்சிகன் மாநிலக் குடும்பங்கள் ஏற்றதில் இருந்து யூத் ஃபார் அண்டர்ஸ்டாண்டிங் அமைப்பு வளர்ந்தது. 1961-இன் ஃபுல்பிரைட்-ஹேஸ் சட்டம் இத்தகைய பரிமாற்றங்களுக்கு உறுதியான சட்ட அடித்தளம் தந்தது.

ஆக, திட்டத்தின் மையம் குடும்பம்தான். பாடம் இரண்டாம் இடத்தில் இருந்தது. ஆனால் விருந்தாளியாக வந்த மாணவரின் பகல் பொழுது முழுவதும் பள்ளியில்தான் கழிந்தது. பெரிய அதிர்ச்சிகளும் அங்கேதான்.

ஐரோப்பியப் பள்ளிகள் பலவற்றில் ஒரு வகுப்பு பல ஆண்டுகள் சேர்ந்தே இருக்கும்; ஆசிரியர்கள்தான் மாறி மாறி வருவார்கள். அமெரிக்காவில் இது தலைகீழ். அறை ஆசிரியருக்கு உரியது; மணி அடித்ததும் மாணவர்கள் கிளம்ப வேண்டும். சில நிமிடங்களுக்குள் நெரிசலான நடைக்கூடத்தைக் கடந்து, லாக்கரின் எண்பூட்டைத் திருகித் திறந்து, புத்தகத்தை மாற்றிக்கொண்டு அடுத்த அறைக்குள் நுழைந்துவிட வேண்டும். பாட நேரத்தில் கழிப்பறைக்குப் போகக்கூட ஆசிரியர் தரும் அனுமதிச் சீட்டு தேவை. பீரியடுக்கு பீரியட் முகங்கள் மாறுவதால், வகுப்புத் தோழர்கள் என்ற கூட்டமே அமைவதில்லை. நட்பு தேடிய பரிமாற்ற மாணவர்கள் விளையாட்டு அணியிலும் பாடகர் குழுவிலும் போய்ச் சேர்ந்ததற்கு இதுவே காரணம்.

இந்த அமைப்பின் வேர் 1906-இல் உருவான கார்னகி அலகில் இருக்கிறது. ஒரு பாடத்தில் ஏறத்தாழ 120 மணி நேரம் வகுப்பில் இருந்தால் ஓர் அலகு. கணக்கு நேரத்தைச் சார்ந்ததால் இயற்கணிதம், தட்டச்சு, சமையல், மரவேலை எல்லாமே ஒரே பட்டியலுக்குள் வந்தன. ஆங்கிலமும் அமெரிக்க வரலாறும் எடுத்தாக வேண்டும் என்று பல பள்ளிகள் விருந்தாளிகளிடம் கேட்டன. மீதியைப் பெரும்பாலும் அவர்களே தேர்ந்தெடுத்தனர். லத்தீன் இலக்கணத்தோடு மல்லாடி வந்த மாணவருக்குக் கார் ஓட்டக் கற்பதும் ஒரு பாடம் என்பது வியப்புதான்.

தேர்வுகளும் வேறு மாதிரி. ஆண்டிறுதியில் நீண்ட கட்டுரை, வாய்மொழித் தேர்வு என்று பழகியவர்களுக்கு, வாராவாரம் வந்த சரியா தவறா வினாத்தாள் முதலில் விளையாட்டாகத் தோன்றியது. கணக்குப் பாடமோ பலருக்கு ஊரிலேயே முடிந்திருந்தது. 1957-இல் சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்தபின், அமெரிக்கப் பள்ளிகள் எளிதாகிவிட்டன என்ற குற்றச்சாட்டு உள்நாட்டிலேயே வலுத்தது. அது முழு உண்மையன்று. வீட்டுப்பாடமும் வகுப்பில் பேசுவதும் மதிப்பெண்ணில் சேர்ந்ததால் ஆண்டு முழுவதும் உழைக்க வேண்டியிருந்தது. ஆசிரியரை மறுத்துப் பேசலாம் என்பதும் பலருக்குப் புதிது.

காலையில் அமெரிக்கக் கொடிக்கு உறுதிமொழி சொல்லும் நேரம் தனிச் சங்கடம். எந்த மாணவரையும் அதைச் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1943-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. எழுந்து நின்று பேசாமல் இருப்பது மரியாதையான வழியாக இருந்தது.

சமூக அறிவியல் வகுப்பில் விருந்தாளி தன் நாட்டுக்கே பேச்சாளர். அரசியல் மாற, வருகிறவர்களின் நாடும் மாறியது: 1983-இல் மேற்கு ஜெர்மனியோடு இரு நாடாளுமன்றங்களின் ஆதரவிலான மாணவர் பரிமாற்றம், 1992-இல் முன்னாள் சோவியத் நாடுகளுக்கான ஃப்ளெக்ஸ் திட்டம், 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், 2002-இல், முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளுக்கான யெஸ் திட்டம். இந்தியாவும் யெஸ் திட்டத்தில் சேர்ந்தது.

ஊர் திரும்பியபின் சிக்கல் வேறு. அமெரிக்கப் பள்ளிகள் பலவும் பட்டயம் தராமல் வருகைச் சான்றிதழ் மட்டுமே தந்தன. அந்த ஓராண்டைப் பல நாடுகள் கணக்கில் கொள்ளாததால் வகுப்பைத் திரும்பப் படித்தவர்கள் உண்டு. இத்தாலியக் கல்வி அமைச்சகம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வெளிநாட்டில் கழித்த ஆண்டைப் படிப்பின் பகுதியாகவே ஏற்று, விடுபட்ட முக்கியப் பாடங்களை மட்டும் சரிபார்க்கும் பொறுப்பை மாணவரின் சொந்தப் பள்ளியிடம் விட்டது.