பழைய வடிவில் புதிய ஆட்டம்: தாவல் விளையாட்டுகளின் மறுவருகை

ஒவ்வொரு கலைவடிவமும் அது பிறந்த கருவியின் இயல்பைத் தன்னுள் தாங்கியே வளர்கிறது. பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதியோர், ஓலை கிழியுமென்று அஞ்சி மெய்யெழுத்தின் புள்ளியை விட்டுவிட்டனர். தாளும் அச்சும் வந்தபின் அப்புள்ளி தன் இடத்தை மீண்டும் பெற்றது. கருவி மாறினால் கட்டுப்பாடு நீங்கும் என்பதற்கு இது சான்று. எனினும், கருவி மாறிய பின்னரும் பழைய கட்டுப்பாட்டை விரும்பி ஏற்கும் கலைகளும் உண்டு. இன்றைய வீடியோ விளையாட்டுகளுள் ஒரு பிரிவு அத்தகையது. 1980களின் தோற்றத்தையும் ஒலியையும் வேண்டுமென்றே மேற்கொண்டு இந்நூற்றாண்டில் பெருகியுள்ள தாவல் விளையாட்டுகளே அப்பிரிவு. அவற்றின் ஈர்ப்பு இளமைக்கால நினைவேக்கம் மட்டுந்தானா என்பதை அவற்றின் வரலாற்றின் வழியே ஆராய்வது பொருத்தமாகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

ஆடுபவர் ஒரு சிறு உருவத்தை இயக்கி, மேடைவிட்டு மேடை தாவி, பள்ளங்களையும் பகைவரையும் கடந்து செல்லும் ஆட்டமே ‘பிளாட்பார்மர்’ எனப்படும் தாவல் விளையாட்டு. தாவலோடு போரும் இணையான இடம் பெறின் அது ‘ஆக்‌ஷன் பிளாட்பார்மர்’ எனப்படும். இவ்வகைக்கு வழிவகுத்த முன்னோடி, ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1981இல் வெளியிட்ட ‘டாங்கி காங்’ ஆகும். ஷிகெரு மியாமோட்டோ வடிவமைத்த அவ்வாட்டத்தில், உருண்டுவரும் பீப்பாய்களைத் தாண்டி மேலேறிய தச்சனே பின்னர் மாரியோ என்று பெயர் பெற்றான். சில படப்புள்ளிகளுக்குள் வாயைத் தெளிவாக வரைய இடமில்லாமையால் அவனுக்கு மீசை வாய்த்தது. தலைமயிரின் அசைவைக் காட்டுவது அரிதாகையால் தொப்பி வந்தது. உலகறிந்த ஒரு முகம் இடநெருக்கடியிலிருந்தே பிறந்தது எனலாம்.

1983இல் நின்டெண்டோ தன் ‘பேமிகாம்’ என்னும் வீட்டு விளையாட்டுக் கருவியை ஜப்பானில் வெளியிட்டது. அதன் திரைப்பரப்பு அகலத்தில் 256, உயரத்தில் 240 படப்புள்ளிகளே. நகரும் உருவத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று நிறங்களே கிடைத்தன. ஒரே கிடைக்கோட்டில் எட்டுத் துண்டுகளுக்கு மேல் காட்ட இயலாமையால், மிகுந்தவை மாறிமாறித் தோன்றி மினுங்கின. ஒலிக்கு ஐந்து தடங்களே இருந்தன. 1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ முழுவதும் 40 கிலோபைட் அளவுக்குள் அடங்கியது. அதில் வானத்து மேகமும் தரையின் புதரும் ஒரே வரைவு. நிறம் மட்டுமே வேறு. அதனைத் தொடர்ந்து ‘காசில்வேனியா’ (1986), ‘மெகா மேன்’ (1987), ‘நிஞ்சா கெய்டன்’ (1988) ஆகியவை தாவலோடு போரையும் இணைத்துப் புகழ்பெற்றன.

விலகலும் மீட்சியும்

1990களின் நடுவில் முப்பரிமாணக் காட்சி இத்துறையை ஆட்கொண்டது. 1996இல் மாரியோவே ‘சூப்பர் மாரியோ 64’ வழியாக முப்பரிமாண உலகில் நுழைந்தான். பக்கவாட்டில் நகரும் பழைய ஆட்டம் கைக்கருவிகளில் தொடர்ந்ததேயன்றி, பெருங்கருவிகளில் முன்னிடம் இழந்தது. அது முதுமையுற்றுவிட்டது என்றே பலரும் கருதினர்.

மீட்சி தனிமனிதர் ஒருவரின் உழைப்பாகத் தொடங்கிற்று. ஜப்பானியரான டைசுகே அமாயா ஏறத்தாழ ஐந்தாண்டுகள் தனித்து உழைத்து, 2004இல் ‘கேவ் ஸ்டோரி’யை இலவசமாக வெளியிட்டார். 2008இல் காப்காம் நிறுவனம் ‘மெகா மேன் 9’ஐப் பழைய எட்டு பிட் தோற்றத்திலேயே கொணர்ந்தது. பழைய கருவியின் குறையாகிய மினுங்கலைக்கூட, வேண்டுவோர் தேர்ந்துகொள்ள அதில் வழியிருந்தது. குறையும் நினைவுப்பொருளாக மாறிய விந்தை அது.

குறையும் நெறியும்

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். ஓலையில் புள்ளியின்மை ஒரு கட்டுப்பாடு; வெண்பாவின் தளையும் ஒரு கட்டுப்பாடு. முன்னது படிப்போர்க்கு இடர் விளைத்த குறை. பின்னது பாவுக்கு ஓசை தந்த நெறி. புதுக்கவிதை பரவிய பின்னும் வெண்பா எழுதுவோர் தளையை விரும்பியே ஏற்கின்றனர். பழைய விளையாட்டுகளிலும் இவ்விரு வகைக் கட்டுப்பாடுகளும் கலந்தே கிடந்தன. அவற்றைப் பிரித்தறிந்ததே இம்மறுமலர்ச்சியின் உண்மையான பணியாகும்.

இதற்குச் சிறந்த சான்று ‘ஷவல் நைட்’. அமெரிக்காவின் யாட் கிளப் கேம்ஸ் குழுவினர் 2013இல் ‘கிக்ஸ்டார்ட்டர்’ தளத்தின் வழியே பொதுமக்களிடம் 75,000 டாலர் வேண்டினர். 3,11,000 டாலருக்கு மேல் திரண்டது. 2014இல் ஆட்டம் வெளிவந்தது. பழைய நிற வரையறையைப் பெரிதும் பேணிய அவர்கள், தேவைக்குச் சில நிறங்களைச் சேர்த்தனர், அகலத்திரைக்கு ஏற்பக் காட்சியை விரித்தனர், மினுங்கலை நீக்கினர். மண்வெட்டியைக் கீழ்நோக்கிப் பிடித்துப் பகைவர்மேல் குதித்தெழும் அதன் அசைவு, 1989இல் வந்த ‘டக்டேல்ஸ்’ ஆட்டத்தின் கைத்தடித் துள்ளலை நினைவூட்டுவது. முதல் ‘மெகா மேன்’ ஆட்டத்திற்கு இசையமைத்த மனாமி மட்சுமாயே இதற்கும் இரு இசைக்கோவைகள் அளித்தார். பழைய தலைமுறை தன் கையாலேயே புதிய தலைமுறைக்கு வழங்கிய கொடை அது.

தோல்வியின் பொருள்

இவ்வாட்டங்களின் ஈர்ப்பு தோல்வியை அவை கையாளும் முறையில் மிகத் தெளிவாக விளங்குகிறது. பழைய ஆட்டங்களில் உயிர்கள் எண்ணப்பட்டன. அவை தீர்ந்தால் நெடுந்தொலைவு பின்செல்ல நேர்ந்தது. நாணயம் இட்டு ஆடும் கடைகளின் வழக்கம் இதற்கு ஒரு காரணம். சிறிய ஆட்டத்தை நெடுநாள் ஆடச்செய்யும் தேவை மற்றொன்று. ‘ஷவல் நைட்’ உயிர்க்கணக்கை நீக்கிற்று. வீழ்ந்தவர் தம் பொன்னில் ஒரு பகுதியை இழப்பார். வீழ்ந்த இடத்துக்கே மீண்டும் சென்று அதனைப் பெறலாம். இடைநிலைக் காப்பிடங்களைத் தாமே உடைத்துப் பொன் பெறவும் இயலும். ஆபத்தின் அளவை ஆடுபவரே தேர்கிறார்.

2018இல் வெளிவந்த ‘செலஸ்ட்’ இதனினும் ஒருபடி மேலே சென்றது. மேடி தோர்சனும் நோயல் பெர்ரியும் முதலில் இதனை நான்கே நாளில், ‘பிக்கோ-8’ என்னும் கற்பனைக் கருவிக்காக உருவாக்கினர். 128க்கு 128 படப்புள்ளிகளும் 16 நிறங்களுமே கொண்ட அக்கருவி பொருளாக என்றும் இருந்ததில்லை. அதன் எல்லைகள் படைப்போரின் நலனுக்காகவே வகுக்கப்பட்டவை. விரிவான வடிவில், மனப்பதற்றத்தோடு போராடும் மேடலின் என்ற இளம்பெண் மலையேறுகிறாள். ஆடுபவர் பலமுறை வீழ்வார். வீழ்ந்த மறுகணமே அதே அறையின் தொடக்கத்தில் எழுவார். விளிம்பைக் கடந்து ஓர் இமைப்பொழுதினும் குறைந்த நேரம் சென்றபின்னும் தாவ ஆட்டம் இசைகிறது. கைத்திறன் குறைந்தோர் ஆட்டத்தின் வேகத்தைத் தணித்துக்கொள்ளவும் வழியுண்டு. கடுமை குறையவில்லை; கொடுமையே நீங்கிற்று.

முடிவுரை

நினைவேக்கம் ஒரு காரணமே, முழுக்காரணம் அன்று. பேமிகாமைக் கண்டறியாத தலைமுறையினரும் இவ்வாட்டங்களை விரும்பி ஆடுகின்றனர். திரையில் மிகையான அணி ஏதுமின்றிப் பள்ளமும் மேடையும் பகையும் தெளிவாகத் தெரிகின்றன. வீழ்ந்தவர் தாம் வீழ்ந்த காரணத்தை உடனே அறிகிறார். அறிந்ததை அடுத்த தாவலிலேயே பயன்படுத்துகிறார். கற்றலின் இன்பம் இவ்வளவு நேரடியாக வாய்க்கும் கலைகள் சிலவே.

மற்றொன்றும் கருதத்தக்கது. வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டங்களுள் 87 விழுக்காடு அப்போது விற்பனையில் கிடைக்கவில்லை. பழந்தமிழ் நூல்கள் பல மறைந்து, உரையாசிரியர்தம் மேற்கோள்களில் மட்டும் எஞ்சியமை தமிழர் அறிந்ததே. மூலம் கிட்டாதபோது வழிநூலே மரபைச் சுமக்கிறது. இப்புதிய ஆட்டங்கள் அப்பணியையும் செய்கின்றன. எனினும் வழிநூல் மூலத்துக்கு ஈடாகாது. மூலங்களைக் காப்பதும் இம்மரபை நேசிப்போரின் கடமையாகும்.