பிரெஞ்சு–பிரஷ்யப் போர் (1870–71): காரணங்களும் விளைவுகளும்

1870 ஜூலை 19 அன்று பிரான்சு பிரஷ்யா மீது போர் அறிவித்தது. போருக்கான உடனடிக் காரணம் சற்று விசித்திரமானது. காலியாக இருந்த ஸ்பெயின் அரியணைக்குப் பிரஷ்ய அரச குடும்பத்தின் உறவினர் ஒருவரின் பெயர் முன்மொழியப்பட்டது. பிரான்சு எதிர்த்ததும் அவர் விலகிக்கொண்டார். பிரான்சு அத்துடன் நிற்கவில்லை. இனி ஒருபோதும் இத்தகைய முயற்சிக்கு இடம் தருவதில்லை என்ற வாக்குறுதியை எம்ஸ் நகரில் தங்கியிருந்த மன்னர் வில்ஹெல்மிடம் கேட்டது. மன்னர் மறுத்தார். அந்தச் சந்திப்பு பற்றிய தந்தியைப் பிரதமர் பிஸ்மார்க் சுருக்கி வெளியிட்டார். அதைப் படித்த இரு நாட்டாரும் தாங்கள் அவமதிக்கப்பட்டதாகவே எண்ணினர்.

தந்தி வெறும் தீப்பொறிதான். 1866இல் ஆஸ்திரியாவை வென்ற பிரஷ்யா, வட ஜெர்மன் அரசுகளைத் தன்கீழ் இணைத்திருந்தது. பவேரியா போன்ற தென் அரசுகள் சேரத் தயங்கின. பொது எதிரி ஒருவர் தேவைப்பட்டார். பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அந்த வேடத்தைத் தாமே ஏற்றுக்கொண்டார் எனலாம். செப்டம்பர் 2 அன்று செடானில் அவர் சிறைப்பட்டார். இரண்டு நாளில் பாரிசில் குடியரசு அறிவிக்கப்பட்டது. 1871 ஜனவரி 18 அன்று வெர்சாய் அரண்மனையில் ஜெர்மன் பேரரசு பிறந்தது. மே 10 அன்று கையெழுத்தான பிராங்க்பர்ட் உடன்படிக்கைப்படி பிரான்சு 500 கோடி பிராங்க் இழப்பீட்டை ஏற்றது. அல்சாசையும் லொரேனின் ஒரு பகுதியையும் இழந்தது.

திருப்பூர் போன்ற ஊரில் இருப்பவருக்கு இந்த இழப்பின் பொருளை அல்சாசின் முலூஸ் நகரம் எளிதில் விளக்கும். அது பருத்தி நகரம். சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பா சென்ற அச்சுத் துணிகளைப் பார்த்து 1746இல் அங்கே தொடங்கிய தொழில் அது. அத்துணிக்கு ‘இந்தியென்’ என்றே பெயர். 1871க்குப் பின் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்றானது. ஆலை முதலாளிகள் சிலர் எல்லைக்கு அப்பால் வோஜ் மலைப்பகுதியிலும் பெல்போர்ட்டிலும் புதிய ஆலைகள் அமைத்தனர். பாரிசுக்குப் பெயர்ந்த நெசவு ஆலைக் குடும்பம் ஒன்றின் மகன் ஆல்பிரட் டிரைபஸ். ஜெர்மனிக்கு உளவு சொன்னதாக 1894இல் பொய்யாகத் தண்டிக்கப்பட்ட ராணுவ அதிகாரி அவர்தான். இழந்த மண்ணை 1918இல் பிரான்சு மீட்டது. 1940இல் மீண்டும் இழந்து, அந்தப் போரின் முடிவில் மீண்டும் பெற்றது.

போரின் இன்னொரு விளைவு தமிழ் மண்ணிலேயே நிகழ்ந்தது. புதுச்சேரி, காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சு இந்தியாவுக்கு 1848 குடியரசு வாக்குரிமை தந்திருந்தது. மூன்றாம் நெப்போலியன் ஆட்சிக் காலத்தில் நாடாளுமன்றத்தில் அதற்கு இடம் இல்லை. செடானில் அவர் வீழ்ந்ததும் அந்த இடம் திரும்பக் கிடைத்தது. 1871இல் தெபாசேன் தெ ரிஷ்மோன் பிரெஞ்சு இந்தியாவின் உறுப்பினராகப் பாரிசு சென்றார். பக்கத்துச் சென்னை மாகாணத்திலோ ஓரளவு பரவலான நேரடி வாக்குரிமை 1920 தேர்தலில்தான் வந்தது, அதுவும் சொத்துள்ளவர்களுக்கு.

ஆனால் இந்த உரிமையைப் பெரிதாகக் கொண்டாடிவிட முடியாது. வாக்களித்தோர் ஆண்கள் மட்டுமே. பாரிசு சென்றவர்களோ பல பத்தாண்டுகள் பிரெஞ்சுக்காரர்களே. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி சாதி, மத வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க வழி திறந்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை அதை ஏற்று ‘லபோர்த்’ என்ற குடும்பப் பெயரைச் சூடினார். பழைய வழக்கங்களைக் காக்க விரும்பியோருக்குச் சண்முக வேலாயுத முதலியார் தலைமை தாங்கினார். அவரது கட்சி ஏறக்குறைய கால் நூற்றாண்டு புதுச்சேரித் தேர்தல்களில் செல்வாக்குடன் இருந்தது. 1884இல் வாக்காளர்கள் ஐரோப்பியர், துறந்தோர், பிற இந்தியர் என மூன்று தனிப் பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டனர்.