காரின் மூக்கும் ஐப்பசி மழையும்

திண்டுக்கல் பக்கம் வண்டியில் ஏர் இன்டேக் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் தூசியையும் வெயிலையும் மட்டுமே யோசிக்கிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. சிறுமலைக்கும் பழனி மலைக்கும் நடுவில் கிடக்கும் இந்தச் சமவெளியில் வருஷத்தில் பெரும்பகுதி வறட்சிதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வரும் மழைக்கு அளவு தெரியாது. மணலாகக் கிடக்கிற குடகனாறுதான் 1977 நவம்பர் புயல் மழையில் அணையையே உடைத்துக்கொண்டு போனது. வருஷத்தில் நாலு நாள் வரும் அந்தத் தண்ணீருக்கும் காரின் மூச்சுக்குழாய்க்கும் உள்ள உறவைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 1200 சிசி பெட்ரோல் வண்டியில் நாலு சிலிண்டர் என்றால் ஒன்றுக்கு 300 சிசி. பிஸ்டன் மேலே வரும்போது அந்தக் காற்று ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக நசுங்குகிறது. அப்போது மிஞ்சும் இடம் 30 மில்லி சொச்சம். டீசல் வண்டிகளில் இன்னும் குறைவு. 2007-ல் வந்த ஸ்விஃப்ட் டீசலின் 1248 சிசி இன்ஜினை எடுத்துக்கொண்டால் சுமார் 20 மில்லிதான், அதாவது நாலு டீஸ்பூன். காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. அந்த இடத்தைவிட அதிகமாகத் தண்ணீர் உள்ளே போனால் பிஸ்டன் மேலே வர முடியாமல் முட்டிக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் வேகத்தில் கனெக்டிங் ராடு வளையும், சமயத்தில் உடைந்து பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஒர்க்‌ஷாப்பில் “ராடு வளைஞ்சிடுச்சு” என்று சொல்வது இதைத்தான்.

அப்படியானால் பழைய அம்பாசடர்கள் எப்படிப் பிழைத்தன? இரண்டு காரணம். ஒன்று, அதன் ஏர் கிளீனர் இன்ஜினுக்கு மேலே, பானட்டை ஒட்டி உட்கார்ந்திருக்கும். இரண்டு, தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறும் முன்பே விசிறி அதை வாரி டிஸ்ட்ரிபியூட்டர் மேல் அடித்துவிடும். கரண்ட் ஈரமானதும் வண்டி நின்றுபோகும். ஓட்டுநர் இறங்கித் திட்டிக்கொண்டே துணியால் துடைத்து, காயவைத்துக் கிளப்புவார். அன்றைக்கு அது தொல்லையாகத்தான் தெரிந்தது. உண்மையில் அந்தத் தொல்லைதான் இன்ஜினைக் காப்பாற்றியது. டீசலில் ஸ்பார்க்கே கிடையாது. பின்னால் வந்த பெட்ரோல் கார்களில் இக்னிஷன் நன்றாக மூடப்பட்டுவிட்டது. அதனால் இன்றைய இன்ஜின் தண்ணீருக்குள்ளும் நிற்காமல் ஓடும், மூக்கில் தண்ணீர் ஏறும் வரைக்கும்.

தண்ணீரில் இன்ஜினை எப்படி மூச்சுவிட வைப்பது என்ற கேள்வியை முதலில் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்கள் கடற்படைக்காரர்கள். 1930-களில் டச்சுக் கடற்படை, நீர்மூழ்கிக் கப்பலின் டீசல் இன்ஜினுக்குக் காற்று இழுக்க ஒரு நீண்ட குழாயை உருவாக்கியது. 1940-ல் நெதர்லாந்து வீழ்ந்தபோது அது ஜெர்மானியர் கைக்குப் போனது. 1943-க்குப் பிறகு தங்கள் கப்பல்களில் பொருத்தி, தங்கள் பேச்சு வழக்கில் மூக்கைக் குறிக்கும் சொல்லால் அதை அழைத்தார்கள். ஸ்நார்க்கல் என்ற பெயர் அப்படி வந்ததுதான். அதன் உச்சியில் மிதவை வால்வு ஒன்று இருந்தது. அலை மூடினால் வால்வும் மூடிக்கொள்ளும். உடனே இன்ஜின் கப்பலுக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்ச, மாலுமிகளுக்குக் காது அடைக்கும். 1944 ஜூனில் நார்மண்டிக் கரையில் இறங்கிய ஷெர்மன் டாங்கிகளுக்கும் பின்பக்கம் உயரமான காற்றுக்கூண்டுகளைக் கட்டித்தான் கடலில் இறக்கினார்கள்.

போர்க்களம் வரை போக வேண்டாம். ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வரும் லாரிகளைப் பாருங்கள். கேபினுக்குப் பின்னால் ஒரு குழாய் மேலே ஏறிப்போகும். டிராக்டரிலும் பானட்டுக்கு மேலே ஒரு கிண்ணம் நிற்கும். தரையில் கிளம்பும் தூசி மேலே குறைவு என்பதற்காக வைத்தது; தண்ணீருக்கும் அதே உயரம் உதவுகிறது.

கார் மட்டும் ஏன் எதிர்த்திசையில் போனது? குளிர்ந்த காற்றுக்காக. காற்று சூடானால் விரியும். பானட்டுக்குள் 65 டிகிரி, வெளியே 40 டிகிரி என்றால், வெளிக்காற்றில் அதே அளவுக்கு ஏறத்தாழ 8 சதவீதம் அதிக ஆக்சிஜன் இருக்கும். அதனால் ரேஸ் பழக்கத்திலிருந்து வந்த கோல்ட் ஏர் இன்டேக்குகளில் பல, ஃபில்டரைக் கீழே இறக்கி பம்பருக்குப் பின்னால் வைக்கின்றன. பல வண்டிகளில் அது முழங்கால் உயரத்துக்கும் கீழே. கம்பெனிக்காரன் ஹெட்லைட்டுக்கு மேலே, ரேடியேட்டர் விளிம்பில் வாயை வைத்தது ஒரு யோசனையோடுதான். பெட்டியைக் கழற்றும்போது அந்த யோசனையையும் சேர்த்துக் கழற்றிவிடுகிறோம். எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் சொல்வார்: “தண்ணி தானா வரல தம்பி, நாமதான் வாசல் வச்சுக் குடுக்கிறோம்.”

இதற்குக் கடைகளில் இரண்டு மருந்து உண்டு. ஃபில்டர் மேல் மாட்டும் துணி உறை ஒன்று. சாரல், சக்கரம் அடிக்கும் தண்ணீர் இவற்றைத் தடுக்கும். ஃபில்டர் மூழ்கினால் உதவாது. இன்னொன்று பைபாஸ் வால்வு. ஃபில்டர் தண்ணீரில் அடைபட்டுக் குழாய்க்குள் உறிஞ்சல் கூடும்போது, மேலே இருக்கும் இந்த வால்வு திறந்து வேறு காற்றைக் கொடுக்கும். நீர்மூழ்கிக் கப்பல் உள்காற்றை உறிஞ்சிய அதே யோசனைதான். ஆனால் வால்வும் மூழ்கினால் பிரயோஜனம் இல்லை. டர்போ வண்டிக்கு இது ஆகாது என்று தயாரிப்பாளர்களே சொல்லிவிடுகிறார்கள். நம் சாலைகளில் ஓடும் டீசல் கார்கள் பெரும்பாலும் டர்போதான்.

செலவுக் கணக்கும் இருக்கிறது. சாதாரண மோட்டார் பாலிசி, ஒரு சேதத்தின் தொடர்ச்சியாக வரும் இழப்பைத் தராது. தண்ணீரில் நின்ற வண்டியைத் திரும்பக் கிளப்பி ராடு வளைந்தால் அந்தக் கணக்கில் தள்ளிவிடுவார்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் பலருக்கு இது புரிந்தது. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். அதிலும் குழாயை மாற்றியிருந்தால் சர்வேயர் கேள்வி கேட்க இடம் இருக்கிறது.

கையில் செய்யக்கூடியது இவ்வளவுதான். பழைய ஃபில்டர் பெட்டியைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். புரட்டாசி முடிவதற்குள் அதைத் திரும்ப மாட்டுங்கள், தை பிறந்ததும் வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். சக்கரத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் என்றால் இறங்காதீர்கள். பாதிக்குக் கீழே என்றாலும் முதல் கியரில் மெதுவாக, முன்னால் அலை எழும்பாமல் போக வேண்டும். பம்பருக்குப் பின்னால் இருக்கும் ஃபில்டரை அந்த அலையே எட்டிவிடும். நடுவில் வண்டி நின்றால் சாவியைத் தொடவே கூடாது. தள்ளிக் கரையேற்றி, ஸ்பார்க் பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் சுற்றிப் பார்க்க வேண்டும்.

ரயில்வே சுரங்கப்பாதை மட்டும் இந்தக் கணக்கில் சேராது. தரைப்பாலத்தில் தண்ணீர் ஓரளவு கண்ணுக்குத் தெரியும்; சுரங்கப்பாதையில் பள்ளத்தின் ஆழம் தெரியாது. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் சிக்கி, அதில் வந்த பெண் ஒருவர் உயிரிழந்தார். அந்த இடத்தில் வண்டி நின்றால் இன்ஜினைப் பற்றி யோசிக்காதீர்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு ஆட்கள் வெளியே வந்துவிடுங்கள். வண்டியை விடிந்த பிறகு இழுத்துக்கொள்ளலாம்.