வாங் கம்பனியின் வாழ்வும் வீழ்வும்

பொதுமக்களின் பணத்தைப் பெறுதல் எளிது. அவர்கள் சொல்லைக் கேட்டல் அரிது. ஷங்காயிற் பிறந்த ஆன் வாங், 1951இல் 600 டொலர் முதலுடன் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலே தொழிலகம் ஒன்றைத் தொடங்கினார். 1967இல் அதன் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன.

கணக்கிடும் பொறிகளின் விலை வீழ்வதை முன்னறிந்து அவ்வணிகத்தைக் கைவிட்ட வாங், 1976இல் திரையுடன் கூடிய சொற்செயலியைத் தந்து புகழெய்தினார். ஆயினும், எழுத்துவேலையோடு பிறவேலையும் செய்யவல்ல மலிவான கணினிகள் பரவியபோது, அம்முன்னறிவு கைகொடுக்கவில்லை. பங்குதாரரோ பல்லாயிரவர், வாக்குரிமையோ பெரும்பாலும் குடும்பத்தின் கையில். தவற்றைத் தடுப்பார் இலர்.

1986இல் நிர்வாகம் மகனிடம் சென்றது. நட்டம் பெருகவே, 1989இல் அவர் விலகினார். 1990இல் வாங் காலமானார். 1992இல் கம்பனி, கடன்காரரிடமிருந்து காப்புத்தேடி நீதிமன்றம் புகுந்தது. நம்பி வாங்கியோரின் பழைய பங்குகள் மதிப்பிழந்தன.